டுபாக்கூர் பீரியட்

மற்ற வாத்தியார்கள் நடத்தும் பாடத்தைப் பிள்ளைகள் பள்ளிக்கூட வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துவிடுவார்கள். நான் நடத்தும் பாடத்தை அன்று சாயந்தரமே வீட்டுக்கு எடுத்துக்கொண்டுபோய்ப் பெற்றவர்கள் மேல் பிரயோகித்துவிடுவார்கள். தொழில் அப்படி. ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, ஒரு பேச்சில் ஓட்டை எங்கே இருக்கிறது, எந்தக் காரணம் காரணமே இல்லை என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்கிறேன். சாக்பீஸ் தூள் தின்று வளர்ந்தவர்களுக்கு இதில் பாதி சொல்லாமலே புரியும். மீதியைச் சொல்கிறேன்.

பெயர் சூட்டல்

ஒரு தொண்டு நிறுவனம் என்னை வேலைக்கு எடுத்து எண்ணூர்ப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு அனுப்பியது. நான் குடியிருக்கும் டோல்கேட்டில் பஸ் ஏறினால், கண்டெய்னர் லாரிகளின் மனசைப் பொறுத்து, நாற்பது நிமிஷத்திலும் போய்ச் சேரலாம், ஒன்றரை மணி நேரமும் ஆகலாம். செவ்வாயும் வியாழனும் கடைசி பீரியட் எனக்கு. நிறுவனம் கொடுத்த அட்டையில் பாடத்தின் பெயர் 'அளவையியலும் வாதப் போலிகளும்' என்று அச்சடித்திருந்தது. எட்டாம் வகுப்பு லோகேஷ் அதை எழுத்துக்கூட்டிப் படித்து முடித்து, "இன்னா சார் இது?" என்றான். சிலர் பேசும்போது நியாயம் மாதிரியே இருக்கும், தோண்டிப் பார்த்தால் நியாயம் இருக்காது, அந்த மாதிரி பேச்சைப் பிடிக்கிற பாடம் என்றேன். "டுபாக்கூர் பேச்சுன்னு சொல்லு சார்" என்றான். அன்றிலிருந்து அது டுபாக்கூர் பீரியட். சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையிலும் யாரோ பேனாவால் அப்படியே திருத்திவிட்டார்கள்.

எனக்குக் குரல் சன்னம். கடைசி பெஞ்சுக்கு எட்டாது. அதனால் பிள்ளைகளே எழுந்து வந்து முன்னால் தரையில் உட்கார்ந்துகொள்வார்கள். கணக்கு டீச்சர் கற்பகம் ஒருநாள் ஜன்னல் வழியாகக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். என்னைவிட என் வேலையை அவர்தான் முதலில் புரிந்துகொண்டார். "ஏன் தம்பி, இதுங்க சும்மாவே எதிர்த்துப் பேசும். அதுக்கு நீ கிளாஸ் வேற எடுக்கிறியா?"

இரண்டே வழி

பல வழி இருக்கும் இடத்தில் இரண்டே வழிதான் என்று அடித்துச் சொல்வது ஒரு பிழை. அதைச் செவ்வாய்க்கிழமை நடத்தினேன். வியாழக்கிழமை லோகேஷின் அம்மா வந்து நின்றார். மீன் இறங்கும் இடத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. கையில் ஈரம்கூடக் காயவில்லை. விஷயம் இதுதான். "ஒழுங்கா படிக்கிறியா, இல்ல என்னோட லாரில வந்து பெருக்குறியா" என்று அப்பா கேட்டிருக்கிறார். பையன், "நைனா, ரெண்டே வழிதான்னு சொல்றது டுபாக்கூரு. மூணாவது வழியும் கீது" என்று சொல்லியிருக்கிறான். அப்பா பெல்ட்டைக் கழற்றியிருக்கிறார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். பையன் சொன்னதில் தப்பில்லை, சொன்ன இடம்தான் தப்பு என்று என் சன்னக் குரலில் ஏதோ விளக்கினேன். அந்த அம்மா கோபமாகவே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பையன் பக்கம் ஒரு பார்வை, என் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவுங்கப்பா இருவது வருஷமா லாரி ஓட்டிகினு கீறாரு சார். அந்த மூணாவது வழி இன்னான்னு நீங்களே ஒருதபா வந்து அவராண்ட சொல்ட்டுப் போங்க."

கூடையின் அடி

ஒன்றிரண்டைப் பார்த்துவிட்டு எல்லாம் இப்படித்தான் என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு அட்டையில் கொடுத்திருந்த உதாரணம் அன்னப்பறவை. பார்த்த அன்னம் எல்லாம் வெள்ளை, அதனால் உலகத்தில் உள்ள அன்னம் எல்லாம் வெள்ளை. வகுப்பில் ஒருவரும் அன்னத்தைப் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை. நாற்பது பேர் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை.

முதல் வரிசையில் உட்காரும் மோனிஷா கையைத் தூக்கினாள். குப்பத்துப் பிள்ளை. அப்பா ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர், அம்மா செல்வி அந்த மீனை விற்கிறவர். இரட்டைப் பின்னலில் ஒன்று எப்போதும் அவிழ்ந்திருக்கும். "ஒண்ணப் பாத்து எல்லாத்தையும் சொல்லலாம் சார், எந்த ஒண்ணுன்னு தெரிஞ்சா" என்றாள். நிறுவனத்தின் அட்டையில் இது இல்லை. எப்படி என்று கேட்டேன். "மேல கீற மீனு காட்றதுக்குன்னு வெச்சது சார். அடியிலேர்ந்து ஒண்ண உருவி செவுளத் தூக்கிப் பாக்கணும். அது நல்லா கீதுன்னா கூடையே நல்லா கீது."

தெரியாது என்பதும் பதில்

இல்லை என்று நிரூபிக்க முடியவில்லை, அதனால் இருக்கிறது என்பது அட்டையில் ஒன்பதாவது பிழை. இதற்குப் பேயைக் கூப்பிடாமல் பாடம் நடத்த முடியாது. பள்ளிக்குப் பின்னால் ஆள் இல்லாமல் பாழடைந்து கிடக்கும் குவார்ட்டர்ஸில் பேய் இருக்கிறது என்று லோகேஷ் சாதித்தான். இல்லன்னு எவனாச்சும் காட்டுங்கடா பார்ப்போம் என்று சவால் விட்டான். பாதி வகுப்பு அவன் பக்கம் சாய்ந்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று நாலு பேர் செருப்பை மாட்டவே ஆரம்பித்துவிட்டார்கள்.

மோனிஷா எழுந்து நின்றாள். நான் அரைமணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்ததை மூன்று வரியில் முடித்துவிட்டு உட்கார்ந்தாள். "டேய் லோகேசு, இல்லன்னு காட்ட முடிலன்னா தெர்லன்னுதான் சொல்லணும். கீதுன்னு சொல்லக்கூடாது. தெர்லன்னு சொல்றதுக்கு உனக்கு இன்னா வலிக்குதா?"

வீட்டுப்பாடம்

ஒரு வியாழக்கிழமை ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். கேள்வி கேட்கப் பழக வேண்டும் என்பது அந்த வார நோக்கம். இதுவரை வீட்டில் கேட்கக் கூடாது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த ஒரு கேள்வியை யாரிடமாவது கேளுங்கள். என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். அந்த வாக்கியம் என்னுடையது, அட்டையில் இல்லாதது. சொல்லும்போது எனக்கே அது ரொம்பப் பிடித்திருந்தது.

செவ்வாய்க்கிழமை போனபோது வகுப்பில் பாதி இடம் காலி. இருந்த பிள்ளைகளும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார்கள். யாரும் முன்னால் வரவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டேன். லோகேஷ்தான் எழுந்து, எப்போதும் சிரித்துக்கொண்டே பேசுகிறவன், தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "சனிக்கெழம சாயந்தரம் மோனிஷா அப்பா படகு முகத்துவாரத்தாண்ட கவுந்துச்சு சார். கூடப் போன குமாரண்ணன் நீஞ்சி வந்துட்டாரு. அவரு வர்ல. இன்னும் தேடிகினு கீறாங்க."

நோட்டு

தேடுவதை நிறுத்திச் சில நாள் கழித்து மோனிஷா பள்ளிக்கு வந்தாள். கடைசி பெஞ்சில், என் குரல் எட்டாத இடத்தில் உட்கார்ந்தாள். அன்றைய பாடம் முன்பே போட்ட வரிசைப்படி வந்தது. ஒன்றுக்கு அப்புறம் ஒன்று நடந்தால், முதலில் நடந்ததால்தான் இரண்டாவது நடந்தது என்று நினைப்பது. நான் பலகையில் 'அப்புறம் என்றால் அதனால் அல்ல' என்று எழுதினேன். லோகேஷ் பழைய ஜோரில், மஞ்சள் சட்டை போட்டுப் பார்த்த மேட்ச் எல்லாம் ஜெயித்த கதையைச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மணி அடித்ததும் வந்து ஒரு நோட்டை நீட்டினாள். வீட்டுப்பாடம். அழகான கையெழுத்தில் இருந்தது. 'கேட்டது: அப்பாவிடம். கேள்வி: எங்க போற அப்பா? பதில்: திரும்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.' கீழே சனிக்கிழமை தேதி.

குப்பத்தில் கடலுக்குக் கிளம்புகிற ஆளிடம், வலை தோளில் ஏறிவிட்ட பிறகு, எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. அவசரம் என்றால் முன்னால் ஓடிப்போய் நிற்பார்களே தவிரப் பின்னாலிருந்து குரல் கொடுக்க மாட்டார்கள். எட்டு கிலோமீட்டர் தள்ளி டோல்கேட்டில் வளர்ந்த எனக்கு இது தெரியாது. அவள் கேட்டது தெருவுக்கே காதில் விழுந்திருக்கிறது. அப்பாவின் தங்கை எல்லோர் முன்னாலும், நீதான் அனுப்பி வெச்சே என்று சொல்லியிருக்கிறாள். இதையெல்லாம் மோனிஷா அழாமல் சொன்னாள். தெரிந்தே ஏன் அந்தக் கேள்வியைக் கேட்டாய் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். "கடலுக்குப் போறாருன்னு தெரியும் சார். கடல்ல எங்கன்னு எனக்குத் தெரியாது. கேக்கக் கூடாதுன்னு சொன்ன கேள்வி எனக்கு அது ஒண்ணுதான் சார் இருந்துது."

வைத்தியருக்கு வைத்தியம்

அன்று பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். ஸ்டாஃப் ரூமில் கற்பகம் டீச்சர் மட்டும் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவரிடம் சொன்னேன். நான் அந்த வீட்டுப்பாடத்தைக் கொடுக்காமல் இருந்திருந்தால் அவள் கேட்டிருக்க மாட்டாள். கேட்காமல் இருந்திருந்தால் இந்தப் பழி அவள் தலையில் விழுந்திருக்காது என்றேன். அதோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அவள் அப்பா படகு ஏறும்போது மனசு ஒரு நொடி பின்னால் இழுத்திருக்குமோ, அந்த ஒரு நொடியில்தான் ஏதாவது என்று ஆரம்பித்தேன்.

நான் கதை கேட்டு வளர்ந்தவன். எங்கள் வீட்டில் சோறு ஊட்டும்போதெல்லாம் கதை. அந்தக் கதைகளில் ராஜா ஒரு பொய் சொல்வான், அப்புறம் மழை நின்றுபோகும். ஏன் நின்றது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பொய் சொன்னதால்தான் என்று எனக்கே தெரியும். இருபது வருஷம் அப்படி யோசித்துவிட்டு, இரண்டு வருஷமாக அப்படி யோசிக்கக் கூடாது என்று சம்பளம் வாங்குகிறேன். கற்பகம் டீச்சர் சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்துவிட்டு, எதிர் வகுப்பில் இன்னும் அழிக்காமல் இருந்த பலகையைக் காட்டினார். "எழுதினது நீதானே தம்பி? படிச்சா உனக்கே ஏறலைன்னா அந்தப் பொண்ணுக்கு எப்படி ஏறும்?"

செல்வி அக்கா

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. வெளியே ஓரமாகக் காலி மீன்கூடை கவிழ்த்து வைத்திருந்தது. செல்வி அக்கா நெற்றியில் பொட்டு இருந்தது, கழுத்தில் தாலி இருந்தது. தலை மட்டும் வாரவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டு, வேண்டாம் என்றாலும் கேட்காமல் டீ போட்டுக் கொடுத்தார். வாசற்படியில் ஒரு அகல்விளக்கு, கடல் பக்கம் பார்த்து. அவர் கிளம்பிய சாயந்தரம் நாலரை மணிக்குத் தினமும் ஏற்றுவதாக வேண்டுதல். காற்றில் அணையாமல் மோனிஷா பக்கத்தில் உட்கார்ந்து கையால் மறைத்துக்கொள்வாளாம்.

பிள்ளை மேல் தப்பில்லை அக்கா என்றேன். "அவ கேட்டது தப்பில்லன்னு என் வாயால வர மாட்டேங்குது சார். ஆனா ஒரு வார்த்த நான் திட்டல" என்றார். அப்புறம், நான் கேட்காமலே, தாலியைத் தொட்டுக்கொண்டு ஒன்று சொன்னார். அது எங்கள் அட்டையில் ஒன்பதாவது பிழை. நான் டீயைக் குடித்தேன். "உடம்பு கெடைக்கல இல்ல சார்? கெடைக்காத வரைக்கும் என் புருஷன் கடல்லதான் கீறாரு, வந்துகினுதான் கீறாரு."

குமார் சொன்னது

திரும்பும்போது கரையில் குமார் எஞ்சினைப் பிரித்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். நீந்தி வந்தவர் அவர்தான். செல்வி அக்கா வீட்டுப் பக்கம் அவர் போவதே இல்லையாம். நான் யார் என்று சொன்னதும், போலீஸ் என்று நினைத்ததாகச் சொல்லி ஒரு பீடி பற்றவைத்தார். அன்று என்ன நடந்தது என்று கேட்டேன். முகத்துவாரத்தைத் தாண்டும்போது எஞ்சின் நின்றுவிட்டது. கயிற்றை இழுத்து அதைத் திரும்பக் கிளப்புவதற்குள் படகு அலைக்குக் குறுக்கே திரும்பிவிட்டது. அவ்வளவுதான். கயிற்றை ஒருமுறை, இருமுறை, மூன்றுமுறை இழுத்ததை வெறுங்கையால் செய்து காட்டினார். அவர் இழுப்பதை நிறுத்தக் கொஞ்ச நேரமானது.

மோனிஷா கேட்ட கேள்வியைப் பற்றி ஊரில் பேசிக்கொள்வதைச் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருந்தது. நான் இரண்டு வருஷமாகப் பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான்: பொதுவாகச் சொன்னதை உடைக்கிற மாதிரி ஒரே ஒரு எதிர் உதாரணம். அதை இவர், எண்ணெய்க் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டே, தானாகக் கொடுத்தார். "என் பொண்ணுக்கு ரெண்டர வயசு சார். டெய்லி பின்னாலயே வந்து 'எங்க போற நைனா'ன்னு கேக்கும், அன்னிக்கும் கேட்டுச்சு. நான் வந்துட்டேனே."

எட்டாம் வகுப்பின் சிறந்த மாணவி

செவ்வாய்க்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு மோனிஷாவை வராந்தாவில் நிறுத்தினேன். எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அப்பாவை நான்தான் கொன்றேன் என்ற நினைப்போடு இந்தப் பிள்ளை ஒன்பதாவதுக்குப் போகக் கூடாது. குமார் சொன்னதை அப்படியே சொன்னேன். எஞ்சினைச் சொன்னேன். அவர் மகள் அதே நாள், அதே கேள்வியைக் கேட்டதைச் சொன்னேன். அவள் புத்தகப் பையை இறக்கி வைத்துவிட்டுக் கவனமாகக் கேட்டாள். ஒருமுறை, "அந்தப் பாப்பா நெஜமாவே கேட்டுச்சா சார்?" என்றாள். நெஜமாகவே என்றேன். அந்தப் பழைய முகம், கூடையின் அடி மீனைப் பற்றிச் சொன்ன அன்று பார்த்த முகம், மெல்லத் திரும்பி வந்தது. "அப்ப நான் கேட்டதால இல்ல" என்றாள். இல்லை என்றேன். நான் வாத்தியாராக இருந்ததற்கு அந்த ஒரு நிமிஷம் போதும் என்று நினைத்தேன்.

நிமிஷம்கூட முழுசாகக் கிடைக்கவில்லை. அவள் யோசிப்பதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்லி நான் கற்றுக்கொடுத்ததும் இல்லை. "சார், நான் வாயால ஒண்ணு கேட்டதால கடல்ல ஒண்ணு நடக்காதுன்னா, அம்மா வாசல்ல வெளக்கு ஏத்தறதாலயும் கடல்ல ஒண்ணும் நடக்காது இல்ல?" என்றாள். அது வேறம்மா, விளக்கு அம்மாவோட மனசுக்கு என்றேன். "மனசுக்கு இல்ல சார். அப்பா வர்றதுக்குன்னு சொல்லித்தான் ஏத்துது" என்றாள். ஓட்டை எங்கே என்று தேடினேன். அட்டையில் உள்ள பதினாலு பிழைகளையும் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான். ஒன்றை விட்டால் மற்றதையும் விட வேண்டும். பொய் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். நான் பொய் சொன்னால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

அவள் சாலைப் பக்கம் பார்த்தாள். நாலு மணி தாண்டியிருந்தது. அவிழ்ந்த பின்னலைப் பின்னாலே தள்ளிவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாத்தியாருக்கு ஒரு சமாதானம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்: "அப்ப நான் கேட்டதாலயே போனாருன்னு இருக்கட்டும் சார். வெளக்காவது வேல செய்யட்டும்."

நிறுவனத்தின் படிவத்தில் 'மாணவர் பிழையைக் கண்டுபிடித்தாரா' என்று கேட்கக் கட்டம் இருக்கிறதே தவிர, 'கண்டுபிடித்த பிறகும் ஏன் வைத்துக்கொண்டார்' என்று கேட்கக் கட்டம் இல்லாததால், அவள் பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.